ஒய்பிசிஓ (யிட்ரியம்-பேரியம்-செப்பு ஆக்சைடு) மின்தடையை இழந்து மீகடத்தி ஆகும் வெப்பநிலை: குளிரும்போது 87 கெல்வின், சூடாகும்போது 95. எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி:
ஒய்பிசிஓ வில்லையிலிருந்து வெட்டிய 12×3×2 மி.மீ. பட்டை. நான்கு முனை இணைப்பு (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு), சில்வர் பேஸ்ட், 10 மில்லிஆம்பியர். பட்டை செப்புக் கட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. கட்டியின் அடியில் துளைபோட்டு பிடி100 சென்சார் (பிளாட்டினம் வெப்பமானி) செருகியிருக்கிறேன். திரவ நைட்ரஜனுக்குள் இறக்க 15 நிமிடம் ஆகிறது. மின்தடைச் சரிவின் நடுப்புள்ளி குளிரும்போது 87, சூடாகும்போது 95. சராசரி 91 என்று எழுதலாமா? இன்னொன்று, 77 கெல்வினிலும் 3 மைக்ரோவோல்ட் நிற்கிறது. பட்டை மீகடத்தி ஆகவில்லையா?

பதில் 1:
சராசரி வேண்டாம். இறங்கும் வேகமும் ஏறும் வேகமும் ஒன்றாக இருந்தால்தான் பிழை கழியும். கையால் இறக்கும்போது அது நடக்காது. குளிர் முதலில் கட்டியின் அடியைத் தொடுகிறது, சென்சார் அங்கேதான் இருக்கிறது. அது 87 காட்டும் நேரத்தில் மேலே பட்டை 91 பக்கம் இருக்கும். சூடாகும்போது இதே கதை தலைகீழ்.

சென்சாரைப் பட்டைக்கு ஒட்டினாற்போல் அதே முகத்தில் கிரீஸ் தடவி வையுங்கள். 110 முதல் 80 கெல்வின் வரை நிமிடத்துக்கு அரை கெல்வினுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு வளைவும் அரை கெல்வினுக்குள் ஒட்டி வரும்வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். தடித்த செப்புக் கம்பி அறைச் சூட்டை நேரே பட்டைக்குக் கொண்டுவரும். வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் மெல்லிய மாங்கனின் (செம்புக் கலவை) கம்பியைக் கட்டியில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு பட்டைக்குக் கொண்டுபோங்கள். பிடி100-ஐத் தனியாகத் திரவ நைட்ரஜனில் முக்கினால் ஏறக்குறைய 20.3 ஓம் வர வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:
3 மைக்ரோவோல்ட்டுக்கு மின்னோட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். குறி மாறாமல் +3 என்றே நின்றால், அது இணைப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டால் வரும் வெப்ப மின்னழுத்தம். −3 ஆனால் உண்மையிலேயே 0.3 மில்லிஓம் மீதி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இரு திசையிலும் அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
திருப்பினேன். +3.1, +2.9.

பதில் 2:
அப்படியானால் மீதி 0.1 மைக்ரோவோல்ட், அதாவது 10 மைக்ரோஓம். உங்கள் மீட்டரின் இரைச்சலே அவ்வளவு இருக்கலாம். பட்டை மீகடத்திதான். சரிவின் அடியில் வால் நீண்டால் 1 மில்லிஆம்பியரில் மறுபடி ஓட்டுங்கள். வால் சுருங்கினால் குறை துகள் எல்லைகளில்; பெரும்பாலும் ஆக்சிஜன் போதாது. ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிடுங்கள்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. மின்தடை சுழியாக ஒரேயொரு தொடர்ந்த பாதை போதும். பட்டையின் பாதி மீகடத்தியாக இல்லாவிட்டாலும் வளைவு அழகாகவே விழும். முழுப் பருமனும் மாறுகிறதா என்று தெரிய, சுருளுக்குள் வைத்து மாறுமின் காந்த ஏற்புத்திறனையும் (மாறும் காந்தப்புலத்துக்குப் பட்டை எவ்வளவு காந்தமாகிறது என்பதையும்) அளக்க வேண்டும். முடிவை எழுதும்போது ஒற்றை எண் போதாது: சரிவின் தொடக்கம், நடு, சுழி மூன்றையும், மின்னோட்டத்தையும் குறிப்பிடுங்கள்.

வெளியே எடுத்ததும் பட்டைமேல் பனி படியும். ஈரம் ஒய்பிசிஓவைச் சிதைக்கும், பேஸ்ட் இணைப்பும் கெடும். உலர்ந்த நைட்ரஜன் வாயுவுக்குள்ளேயே அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.