மறு: ஐடெம்பொட்டன்ட் – தன்னடுக்கா, ஒருவிளைவா?

> தன்னடுக்கு என்றே வைத்துவிடலாமே? இலத்தீன் வேரோடும் ஒட்டி வருகிறது.

வணக்கம்.

ஒரே கோரிக்கையைச் சர்வருக்கு எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு தடவை அனுப்பிய விளைவே இருந்தால், அதை நிரலாக்கத்தில் ஐடெம்பொட்டன்ட் என்கிறோம். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். தன்னடுக்கு வேரோடு ஒட்டுகிறது, மறுக்கவில்லை. ஐடெம்பொட்டன்ட் என்பது 1870-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணிதத்துக்காக உருவாக்கிய சொல். தன்னைத் தன்னால் பெருக்கினாலும் தானாகவே இருப்பது. கணிதத்துக்குத் தன்னடுக்கு இருக்கட்டும். நிரல் எழுதுகிறவருக்கு அடுக்கு என்றாலே ஸ்டேக்தான் (தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அமைப்பு) ஞாபகம் வரும்.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்ட கதை இது. போன ஆவணியில் அக்கா மகள் கல்யாணத்துக்கு மொய் எழுத, பைத்தானில் ஃபிளாஸ்க் என்ற வலைச் சட்டகம் வைத்து ஒரு குட்டிச் சேவை செய்தேன். பெயர், ஊர், தொகை மூன்றும் போஸ்ட்டில் (சர்வருக்குப் புதுப் பதிவு அனுப்பும் HTTP முறை) வரும், எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான். மண்டபத்தில் சிக்னல் மோசம். பதிவு ஏறிவிட்டது, பதில் மட்டும் திரும்பவில்லை. மொய் எழுத உட்கார்ந்த பையன் மறுபடி அமுக்கியிருக்கிறான். சாயங்காலம் பார்த்தால் உசிலம்பட்டி மாமா பேரில் 501 இரண்டு தடவை. அப்படியே விட்டால் நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் 1002 செய்ய வேண்டும்!

அப்புறம் புட்டுக்கு (PUT) மாற்றினேன் (தமிழில் எழுதினால் காலைப் பலகாரம் மாதிரி இருக்கிறது). சொன்ன முகவரியில் இருப்பதற்குப் பதிலாக அனுப்பியதை வைக்கும் முறை அது. இப்போது கைப்பேசியே ஒவ்வொரு மொய்க்கும் முதலில் ஓர் எண் போட்டு, /மொய்/அ-417 என்ற முகவரிக்கு அனுப்புகிறது. பத்துத் தடவை அமுக்கினாலும் அங்கே ஒரே 501தான்.

இதில் மாறாமல் இருப்பது எது? பதில் அல்ல. அழிக்கச் சொல்லும் டெலீட்டை இரண்டு முறை அனுப்பினால் முதலில் 204 (முடிந்தது), அடுத்து 404 (அப்படி ஒன்று இல்லை) வரலாம். ஆனாலும் அது ஐடெம்பொட்டன்ட்தான். அதனால் ‘மாறாவிடை’ என்று பெயர் வைத்தால் சரிப்படாது. சர்வரில் ஏற்படும் விளைவைத்தான் சொல்ல வேண்டும். என் ஓட்டு ‘ஒருவிளைவு’க்கு. பக்கவிளைவு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தகவலைப் படிக்க மட்டும் செய்யும் கெட் போல எதையும் மாற்றாத முறையை ‘விளைவிலி’ என்றால் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும்.

நேற்று வந்த ‘ஒருகால்விளைவு’ வேண்டாம். ஒருகால் விளைந்தாலும் விளையலாம் என்று படித்துவிடுவார்கள். அது என் பழைய போஸ்ட் நிரலுக்குத்தான் பொருந்தும்.

ஒரு குறை உண்டு: ‘ஒரே வகை விளைவு’ என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. இதைவிடத் தெளிவானது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன். ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காண உதவும் எண்ணுக்கு ‘ஒருவிளைவுச் சாவி’ என்பது மட்டும் எனக்கே நாக்கில் புரளவில்லை. நிரலில் ‘மொய் எண்’ என்றே விட்டுவிட்டேன்.