திருச்சியிலிருந்து சென்னைக்குப் பழைய பியட்டில் வருகிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு அப்பாவின் 1966 பியட் 1100-ஐ லாரியில் ஏற்றாமல் ஓட்டியே கொண்டுவர ஆசை. கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர்.

போன ஞாயிறு வெள்ளோட்டம் பார்த்தேன். பாடாலூர் தாண்டியதும் உச்சி வெயிலில் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. உள்ளே பெட்ரோல் ஆவியாகி, இன்ஜினுக்குப் போகாமல் நின்றுவிட்டது. ஈரத்துணி சுற்றி 20 நிமிடம் காத்திருந்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் ஹோஸ்களை மாற்றிவிட்டேன். பம்ப்புக்குள் இருக்கும் டயாப்ரம் (சவ்வு) மட்டும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருக்கிறதா? எலக்ட்ரிக் பம்ப் மாட்ட மனசு வரவில்லை. அப்புறம், விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பியட் தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் வந்துவிடலாமா?