மறுசேர்க்கைக்கு அபராதம் விதித்தால் நோயாளிக்கு நன்மை உண்டா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால், ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துத் தேறிய பின் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு மாதம் முடிவதற்குள் மீண்டும் மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் வந்து, அதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டையும் பில்லையும் கொடுத்தார்களே தவிர, இனி என்ன கவனிக்க வேண்டும் என்று எங்களை உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் மாமன் மகன், அங்கே நோயாளி முப்பது நாளுக்குள் திரும்ப வந்து படுத்தால் மருத்துவமனைக்குத் தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை அரசு பிடித்துக்கொள்ளும் என்கிறார். அந்த ஏற்பாட்டால் அங்குள்ள நோயாளிகளின் கவனிப்பு மேம்பட்டதா? நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அப்படி ஒரு விதியைக் கேட்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோவை, மருத்துவமனைத் தரப் பிரிவில் பணிபுரிபவர்

உங்கள் மாமன் மகன் சொல்வது சரிதான். 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் ஒரு பகுதியாக வந்த இந்த அபராதம் 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு (உங்கள் அப்புச்சிக்கு வந்தது போல் இதயம் பலவீனமாவது), நிமோனியா ஆகிய மூன்றையும் முதலில் கணக்கில் எடுத்தார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் ஆகியவை பின்னர் சேர்ந்தன. நோயாளிகளின் வயதையும் உடனிருக்கும் நோய்களையும் வைத்து எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட அதிகமானோர் திரும்ப வந்தால், அந்த மருத்துவமனையின் மெடிகேர் வருவாயில் 1 சதவீதம் வரை, 2015 நிதியாண்டு முதல் 3 சதவீதம் வரை குறைப்பார்கள். அந்த மூன்று நோய்களுக்கான தொகையில் மட்டுமன்றி எல்லா மெடிகேர் சேர்க்கைகளுக்குமான தொகையிலும் பிடித்தம் விழும் என்பதால், நிர்வாகங்கள் உடனே விழித்துக்கொண்டன.

நல்ல விளைவு இருந்தது. வீட்டுக்கு அனுப்புமுன் பழைய மாத்திரைகளையும் புதிய மாத்திரைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, ஓரிரு நாளில் தொலைபேசியில் விசாரிப்பது, ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பது போன்றவை பல இடங்களில் வழக்கமாயின. கணக்கில் எடுத்த நோய்களில் மறுசேர்க்கை விகிதம் 2007க்கும் 2015க்கும் இடையே 21.5 சதவீதத்திலிருந்து 17.8 சதவீதமாக இறங்கியது.

ஆனால் என்னை உறுத்துவது இதற்குப் பின்னால் இருக்கிறது. திரும்ப வந்த நோயாளியை வார்டில் சேர்க்காமல் அவசரப் பிரிவிலேயே வைத்துச் சிகிச்சை செய்து அனுப்பினாலோ, ‘கண்காணிப்பில் இருப்பவர்’ என்று பதிந்தாலோ, அது மறுசேர்க்கைக் கணக்கில் வராது. அத்தகைய பதிவுகள் அதே காலத்தில் கூடின. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தத் திட்டத்துக்குப் பின் இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளிடையே வீடு திரும்பிய 30 நாளுக்குள் இறப்பு கூடியதாகவும், அந்தக் கூடுதல் பெரும்பாலும் மீண்டும் சேர்க்கப்படாமலேயே இறந்தவர்களிடம் காணப்பட்டதாகவும் கூறியது. மாரடைப்பில் அப்படி இல்லை. மெடிகேருக்கு ஆலோசனை கூறும் ஆணையம் இந்த முடிவை ஏற்கவில்லை. லேசான நோயாளிகள் சேர்க்கப்படுவது குறைந்ததால் சேர்ந்தவர்கள் முன்பைவிடக் கடுமையாக நோயுற்றவர்கள் என்பதே அதன் வாதம். விவாதம் இன்னும் முடியவில்லை என்றாலும், திரும்பி வராதவர் நலமாகத்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் எந்தக் கணக்கையும் நான் நம்பமாட்டேன்.

ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே அதிகம் அடிபட்டன என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 நிதியாண்டு முதல், வறியோர் விகிதம் ஒத்த மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அபராதத்தை முடிவு செய்கிறார்கள்.

பதில்: தாராபுரம் வாசகர்

கோவை நண்பரின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அதைப் படித்துவிட்டு அபராதமே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நம் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள். நோயாளி மறுபடி சேர்ந்தால் மருத்துவமனைக்கு இன்னொரு தொகுப்பு கிடைக்குமே தவிர நட்டம் எதுவும் இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்ற வரம்பு கரைவதும், உடன் தங்குபவர் தறிக்கோ தோட்டத்துக்கோ போகாமல் கூலி இழப்பதும் நோயாளி வீட்டின் கணக்கில்தான் விழுகின்றன. எந்த விளைவும் இல்லாத இடத்தில் ‘நல்லபடியாகச் சொல்லி அனுப்புங்கள்’ என்று கேட்டால் யார் செய்வார்கள்? நம் திட்டத்தோடு இணைத்திருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் தொகுப்பில் வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் அடக்கம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. குறைந்தபட்சம் எந்த மருத்துவமனையிலிருந்து எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்புகிறார்கள் என்பதையாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

பதில்: கோவை, மருத்துவமனைத் தரப் பிரிவில் பணிபுரிபவர்

தாராபுரம் ஐயா சொல்வதை ஏற்கிறேன். வெளியிடும்போது, திரும்பியவர்களோடு அதே 30 நாளில் இறந்தவர்களையும், அவசரப் பிரிவோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதே என் நிபந்தனை. ஈரோட்டில் சிகிச்சை பெற்றவர் அடுத்த முறை கோவையில் சேர்ந்தால் அதுவும் முதல் மருத்துவமனையின் கணக்கில் வர வேண்டும். இல்லையென்றால் வந்தவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவது எளிதாகிவிடும். முன்கூட்டியே திட்டமிட்ட இரண்டாம் சேர்க்கையை அமெரிக்காவிலும் கணக்கில் எடுப்பதில்லை.

பதில்: பெருந்துறை வட்டாரச் செவிலியர்

கோபி சகோதரிக்கு, விதி வரும்வரை உங்கள் அப்புச்சி காத்திருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். இதயச் செயலிழப்பில் திரும்ப வருபவர்கள் பலரிடம் நான் கேட்டறிந்த காரணங்கள் சாதாரணமானவை. நீர் மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்று பேருந்துப் பயணத்தன்று அதை விட்டுவிடுவார்கள். வீக்கம் வடிந்ததும் நோய் தீர்ந்தது என்று நிறுத்திவிடுவார்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றை உப்பாக எண்ணவேமாட்டார்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரை. அது உடலில் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஒரு எடை இயந்திரம் வாங்கி, காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், தினமும் எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்குமேல் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்புச்சியின் பெயரைப் பதிந்து, மருத்துவமனைச் சீட்டையும் காட்டுங்கள். தாளவாடி மலையில் இருப்பவர் போல் பேருந்துக்கே காத்திருக்க வேண்டியவர்களுக்கு, அப்படி வீடு தேடி வருபவர் இதய நோயாளியின் எடையையும் கால் வீக்கத்தையும் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு எந்த அபராதத்தையும்விட முன்னதாகத் தேவை என்பது என் உறுதியான கருத்து.

மூச்சு அதிகமாக வாங்கினால் போன முறை வந்து எத்தனை நாளாயிற்று என்று தயங்க வேண்டாம், 108ஐ அழைத்துவிடுங்கள். இந்த நோயில் சில சேர்க்கைகளைத் தவிர்க்கவே முடியாது.