மறு: 'கடற்பசு' எந்த விலங்குக்கு? ஆவுளியா என்றே வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

'கடற்பசு' என்ற பெயரை எந்த விலங்குக்கு வைப்பது என்று நான் கிளப்பிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் கிளப்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், பொது அறிவுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, கடற்பசு 1768-லேயே அழிஞ்சு போச்சாம். அப்ப தாத்தா சொல்றது எது?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். அழிந்துபோன விலங்குகளின் பட்டியலில் டோடோ பறவைக்குக் கீழே 'கடற்பசு – 1768' என்று இருந்தது. முற்றத்தில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே சொன்னார்: "அது ஆவுளியா. அது இருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். புத்தகத்தில் இருந்தது ருஷ்யாவின் கம்சாட்கா பக்கத்துப் பெரிங் தீவில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு. அப்பா சொன்னது நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இன்றும் மேய்கிற டுகாங். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் போட்டு வைத்திருப்பதால் வந்த குழப்பம் இது. உயிரோடு இருக்கிற ஒரு விலங்கு செத்துப்போனதாக அதன் கரையிலேயே பிறந்த பிள்ளை படிக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

> கடற்பசு யானைக்குத்தான் உறவு, பசுவுக்கு இல்லை. எனவே அந்தச் சொல்லே பிழை.

ஐயா, உறவு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. இன்று உள்ள விலங்குகளில் யானையும் பாறை முயல் போலிருக்கும் ஹைராக்ஸும்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனாலும் அதற்காகச் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கடற்குதிரை குதிரையா என்ன? கடலில் புல் மேய்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, பார்த்தவர்கள் பசு என்றார்கள். பழகுபெயர் அப்படித்தான் வரும். என் தடை வேறு: ஒரே சொல் நான்கைந்து விலங்குகளுக்குப் போகிறது. அதிலும் டுகாங்குக்கு உறவான மனாட்டிகளில் ஒன்று, அமேசான் மனாட்டி, ஆற்று நீரிலேயே வாழ்வது. அதையும் கடற்பசு என்று எழுதினால் எப்படி?

> ஆவுளியா என்பது இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. மதுரைக்கு வடக்கே யாருக்குப் புரியும்?

இன்று புரியாதுதான். டுகாங் மட்டும் யாருக்குப் புரிந்தது? அதுவும் தென்கிழக்காசியக் கடற்கரைக்காரர்கள் வாயில் இருந்த பேச்சுச் சொல்தான். அதை எடுத்துத்தான் டுகாங் டுகான் என்று அறிவியல் பெயரே வைத்தார்கள். அந்தக் கரையின் சொல் உலகத்துக்கே போகலாம், நம் கரையின் சொல் மதுரையைத் தாண்டக் கூடாதா? கட்டுமரம் என்ற சொல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வேர்ச்சொல். 'ஆ' என்றால் பசு, ஆகவே ஆவுளியாவும் பசுதான் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வைத்து இந்தச் சொல்லை நிறுவ வேண்டாம். நாளைக்கு வேறொருவர் வேறு மாதிரிப் பிரித்தால் சொல்லும் சேர்ந்து ஆடும். திருப்பாலைக்குடியில் வழங்குகிறது, தொண்டியில் வழங்குகிறது. அது போதும்.

> சைரீனியா என்பதற்குக் 'கடற்கன்னி வரிசை' அழகாக இருக்குமே.

அக்கா, டுகாங், மனாட்டி எல்லாம் சேர்ந்த விலங்கு வரிசைதான் சைரீனியா. அதற்கு இந்தப் பெயரை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரையில் ஓர் ஆவுளியா செத்து ஒதுங்கியது. வனத்துறை ஆட்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆள் நீளத்தில் ஒன்றரைப் பங்கு இருக்கும். மூக்குத்துளை இரண்டும் முகத்தின் மேல் பக்கம், மூடி போட்ட மாதிரி இறுக மூடியிருந்தன. கீழ் நோக்கி மடங்கிய தடித்த மேலுதடு. அதில் முள் முள்ளாக மயிர், தொட்டால் தேய்ந்த துடைப்பக்கட்டை போலக் குத்தியது. முன்துடுப்பைத் தூக்கிப் பார்த்தால் அக்குளில் காம்பு. அந்தக் காம்பை வைத்துத்தான் மாலுமிகள் பெண் என்று கதை கட்டினார்கள் என்பார்கள். அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்தவர் யாரும் கன்னி என்று சொல்ல மாட்டார். அது அதுவாகவே இருக்கட்டும்.

அன்று வாலையும் பார்த்தேன். ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) இருப்பது போல நடுவில் பிளந்த வால். மனாட்டிக்கு இது கிடையாது, அதன் வால் வட்டமான துடுப்பு. பெயர் வைக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: டுகாங் என்பது ஆவுளியா. மனாட்டி மூன்றும் வட்டவால் ஆவுளியா. முன்னால் கரிபியன், மேற்கு ஆப்பிரிக்க, அமேசான் என்று சேர்த்துக்கொள்ளலாம். சைரீனியா மொத்தத்துக்கும் ஆவுளி வரிசை. ஸ்டெல்லர் கண்டதற்குப் பேராவுளியா.

கடைசிப் பெயருக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். 'பனிக்கடற்பசு' என்ற யோசனையை நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அதன் புதைபடிவங்கள் ஜப்பான் கரையிலும் கலிபோர்னியாவிலும் கிடைத்திருக்கின்றன. கடைசியாக ஒளிந்திருந்த இடம்தான் பனி. அளவைச் சொல்வதே நேர்மை. நம் ஆவுளியா மூன்று மீட்டர், சுமார் 400 கிலோ. அது எட்டு மீட்டருக்கும் மேல், எட்டு டன்னுக்குக் குறையாது. பல்லே இல்லை, கடற்பாசியை வாயில் இருந்த தகடுகளால் அரைத்துத் தின்றது. வாலோ நம்முடையதைப் போலவே பிளந்த வால், குடும்பமும் ஒன்றே. 1741 நவம்பரில் கடலோடி பெரிங்கின் கப்பல் அந்தத் தீவில் உடைந்தபோது கூடப் போயிருந்த ஸ்டெல்லர்தான் அதை உயிரோடு பார்த்து எழுதிவைத்த ஒரே இயற்கை அறிஞர். ஒரு பெண் விலங்கைக் குத்திக் கரைக்கு இழுத்தபோது அதன் இணை கரைவரை பின்னாலேயே வந்ததாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து நின்றதாம். அப்புறம் தோலுக்காகக் கடல் நீர்நாய் வேட்டைக்கு வந்தவர்கள் உணவுக்கென்று இதைக் கொன்றார்கள். 27 ஆண்டுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நம்முடையதும் மெதுவாகத்தான் பெருகும். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல், ஈற்றுக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள். வலையில் ஒன்று சிக்கிப்போனால் ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அரசு வழக்கு. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்தது 'கடற்பசு பாதுகாப்பகம்' என்ற பெயரில்தான். அந்தச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளிதழும் பலகையும் கடற்பசு என்றே எழுதட்டும், அது நம் விலங்கைக் குறிக்கட்டும். மற்றவற்றுக்கு அதைத் தனியாகப் போடாமல் இருந்தாலே என் மருமகளின் புத்தகம் திருந்திவிடும்.

தொண்டி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் தெளிந்த நாளில் வத்தையிலிருந்து (சிறு படகிலிருந்து) குனிந்து பார்த்தால், கடற்புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வேரோடு மேய்ந்த வெள்ளை மணல் கோடுகள் வளைந்து வளைந்து போகும். எழுத்து வழக்குக்கு 'மேய்ச்சல் தடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவைக் கேட்டால் "ஆவுளியா போன வழி" என்கிறார். உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதற்குத் தனிச் சொல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள் அண்ணே. இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
திருப்பாலைக்குடியிலிருந்து