முதல் முறை கேம்பர் வேன்: இரண்டு பிள்ளைகள், இரண்டு நாய்கள், குமுளி வழியாக வாகமண்

சின்னமனூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவில் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியார், ஏலப்பாறை தாண்டி வாகமண் போய் இரண்டு ராத்திரி வண்டியிலேயே தங்கலாம் என்று இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும், 8 வயது மகள், 4 வயது மகன், அப்புறம் வீரா (சிப்பிப்பாறை, 3 வயது), மணி (தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், வயது சரியாகத் தெரியாது).

இதுவரை எங்கே போனாலும் நாய்கள் இரண்டையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம். போன வைகாசியில் அவர்கள் தவறிவிட்டார்கள். அதிலிருந்து நாங்கள் எங்கேயுமே போகவில்லை. விசாரித்த லாட்ஜ் எதிலும் நாயைச் சேர்க்கவில்லை, இதுகளைக் கூண்டில் விட்டுப் போகவும் மனசு வரவில்லை. அதனால்தான் வேன் யோசனை.

ராத்திரி வண்டியை எங்கே போடுவது? மலையில் நல்ல காட்சி தெரிகிற இடமாகப் பார்த்து ரோட்டோரம் போட்டுக்கொள்ளலாமா? நாய்கள் வெளியே படுத்துப் பழகியவை, வண்டிக்கு அடியில் கட்டிப் போட்டால் காவலாகவும் இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். மகன் போடிமெட்டு ஏறும்போதே மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்துவிடுவான், அதுவும் ஒரு கவலை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உத்தமபாளையம் டிரைவர்

தங்கச்சி, முதலில் தேதியை மாற்றுங்கள். ஜனவரி 14 மகரவிளக்கு. அந்த வாரம் குமுளி பக்கம் வண்டி நகராது. சீசனில் கூட்டம் கூடினால் சபரிமலை வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும்போது குமுளி வழியாக இறக்குவார்கள், நீங்கள் போட்ட வழித் திட்டமே அங்கே தலைகீழாகிவிடும். நடை சாத்தி ஐயப்ப பக்தர்கள் வடிந்த பிறகு, குடியரசு தினத்தை ஒட்டிப் போங்கள். வானமும் தெளிவாக இருக்கும்.

கிளம்பும் நேரமும் முக்கியம். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடிகாலையில் ஏறும், சாயங்காலம் வேகமாக இறங்கும். நம்ம ஊர் வண்டிகள்தான், ஆனால் புது ஆளுக்கு வளைவில் அவர்களோடு போட்டி வேண்டாம். காலை 9 மணிக்கு மேல் ஏறினால் ரோடு உங்களுக்கு. கூரை உயரமான வேன் காரைப் போல இல்லை, வளைவில் சாயும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கீழேயே நிரப்பாதீர்கள். 60 லிட்டர் என்றால் 60 கிலோ, அதைச் சும்மா மலையேற்றுவானேன், குமுளியில் நிரப்பிக்கொள்ளலாம்.

வாடகை வண்டி என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியைத் தெரிந்தவர் என்று வாங்கிப் போய் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். பெர்மிட், கேரள வரி கட்டிய ரசீது இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள். வண்டியை ஒரு நாள் முன்பே எடுத்து, உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி ஆறு பேரும் அதற்குள் படுத்துப் பாருங்கள். என்ன குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏலப்பாறை ரோடு

நான் பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், நாயை வெளியே கட்டாதீர்கள். வண்டிக்கு அடியில் கட்டுவது இன்னும் மோசம், அது ஓடித் தப்பிக்கக்கூட வழி இருக்காது. இங்கே சிறுத்தை லயத்துக்குள் வருவதே நாய்க்காகத்தான். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது, பெரிய காவல்காரன், ராத்திரி ஒரு சத்தமும் கேட்கவில்லை, காலையில் பார்த்தால் சங்கிலியும் கொஞ்சம் ரத்தமும் மட்டும் கிடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

யானை விஷயமும் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் யானையைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு பக்கத்தில் போகும், யானை திரும்பினால் பயந்து நேரே வளர்த்தவர்களிடம்தான் ஓடி வரும். பின்னாலேயே யானையும் வரும். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

அதனால் ரோட்டோரம், காட்டோரம், தேயிலைக் காட்டுக்குள் எங்கேயும் ராத்திரி வண்டியைப் போட வேண்டாம். 2021-ல் கேரளச் சுற்றுலாத் துறை கேரவன் பயணத்துக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, மறு வருடமே வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்தார்கள். அது மாதிரி வேலி, தண்ணீர், கரண்ட், கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் வளாகத்துக்குள் வண்டி நிறுத்த விடுகிற ஹோம்ஸ்டே. போனிலேயே நாய் உண்டு, இரண்டு உண்டு என்று சொல்லிக் கேளுங்கள். போய் இறங்கிய பிறகு வாசலில் நின்று பேசுவது பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

அப்புறம், 2020-லிருந்து கேரளாவில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தட்டு, டம்ளர் எல்லாம் வீட்டு எவர்சில்வரே கொண்டு வாருங்கள். நாய் மலத்தையும் அள்ளிப் போட ஒரு வாளியும் சிறு மண்வெட்டியும் வேண்டும். அந்தப் புல்மேட்டில் எங்கள் பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள்.

கம்பம் கால்நடை

கால்நடை மருந்தகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி ஒரு வருடத்துக்குள் இருக்கிறதா என்று இரண்டு பேருக்கும் அட்டையைப் பாருங்கள், மணிக்கு அட்டையே இல்லையென்றால் இந்த வாரமே கூட்டி வாருங்கள். ஊசி வேலை செய்ய நாள் பிடிக்கும், கிளம்புகிற அன்றைக்குப் போட்டுப் பயனில்லை. உண்ணி மருந்தையும் இரண்டு மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள்.

வழியெல்லாம் திராட்சை விற்பார்கள், பிள்ளைகள் வாங்கித் தின்பார்கள், நாலு பழம் கீழே விழும். நாய்க்குத் திராட்சை ஆகாது, காய்ந்த திராட்சையும் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட்டும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

தேக்கடியில் படகுக்கு நாயைக் கூட்டிப்போக முடியாது. அப்போது வண்டிக்குள் பூட்டிவிட்டு "சும்மா அரை மணி நேரம்" என்று போகக் கூடாது. வெளியே 24 டிகிரி, நமக்குக் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி வரை ஏறிவிடும். ஒரு பெரியவர் நாய்களோடு நிழலில் நிற்க வேண்டும், மாறி மாறிப் போங்கள்.

சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, உடம்பில் கொழுப்பும் இல்லை, வாகமண் குளிரை அது தாங்காது. பழைய ஸ்வெட்டரை வெட்டிப் போட்டாலும் போதும். அது வேட்டை நாய், ஓடுகிற எதையும் துரத்தும், அந்தத் திறந்த மேட்டில் விட்டால் கூப்பிடுவது காதில் விழாது. எவ்வளவு பழக்கம் என்றாலும் வீராவைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள். வண்டி ஓடும்போது கழுத்துப் பட்டையில் கட்டாமல், நெஞ்சுப் பட்டை வாங்கி சீட் பெல்ட்டோடு இணையுங்கள். ஏறுவதற்கு 4 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வளைவில் வாந்தி எடுக்கிற தம்பிக்கு, என் பிள்ளைகளுக்குச் செய்வதைச் சொல்கிறேன்: காலையில் பால் இல்லை, இரண்டு இட்லி, முன்பக்கம் ரோடு தெரிகிற சீட், கையில் போன் கூடாது, ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வண்டி ஓடும்போது பின்னால் படுக்கையில் படுக்க வைக்காதீர்கள், பிரேக் அடித்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

உத்தமபாளையம் டிரைவர்

ஒன்று விட்டுப்போனது, இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2024 டிசம்பரில் கேரளாவில் கோழிக்கோடு பக்கம் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருக்கிறது. அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். குளிருக்கென்று கரி அடுப்பையோ ஸ்டவ்வையோ உள்ளே வைக்காதீர்கள், எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். சமையல் வெளியே. இரண்டு ஜன்னல் இரண்டு விரல் அளவு ராத்திரி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

சின்னமனூர்க்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், சங்கிலி என்ற இடத்தில் எழுந்து போய் வீராவைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார். நாய்கள் வண்டிக்குள்ளேதான்.

அண்ணன் சொன்னபடி நேற்று ராத்திரி வாசலில் படுத்துப் பார்த்தோம். படுக்கையை விரித்தால் கதவுப் பக்கம் போக வழியே இல்லை, ராத்திரி மகன் சிறுநீருக்கு எழுந்தபோது எல்லோரையும் எழுப்பித்தான் இறங்கினோம். அதனால் அவனுக்குக் கதவோரம் இடம், ஒரு மூடி போட்ட வாளி உள்ளேயே. மணி இரண்டு மணி வரை ஒவ்வொரு பைக்குக்கும் உறுமினான், பிறகு மகள் தன் பழைய போர்வையை அவனுக்குப் போட்டதும் அதன் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டான். வீரா குளிரில் என் காலுக்குள் புகுந்துகொண்டான், ஸ்வெட்டர் இன்றைக்கே தைக்கிறேன்.

பொங்கல் பயணத்தை விட்டுவிட்டோம், குடியரசு தினத்துக்குப் போகிறோம். வேலி உள்ள ஹோம்ஸ்டே ஒன்றில் இரண்டு நாய் என்று சொல்லியே இடம் கேட்டு வாங்கியாகிவிட்டது. கம்பம் அண்ணா, நாளைக் காலை மணியைக் கூட்டி வருகிறேன், எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது?