நொய்ஹார்டன்பெர்க் மாளிகை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஓடர்வழி:
பெர்லினிலிருந்து கிழக்கே போனோம். 1820களில் கட்டடக் கலைஞர் ஷிங்கெல் மாற்றிக் கட்டிய வெள்ளை மாளிகை, பின்னால் பூங்கா, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னை விடாமல் பிடித்திருப்பது பக்கத்துத் தேவாலயம். பலிபீடத்தின் பின்புறம் கண்ணாடிக்குள் ஓர் இதயம். பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் சான்சலர், அதாவது தலைமை அமைச்சர், ஹார்டன்பெர்க்குடையது. 1822இல் ஜெனோவாவில் இறந்தவர். குனிந்தேன். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைக்கக் கை வரவில்லை. வீடு வந்தும் அந்த மங்கல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பனிக்காலம்:
இதயம் இருக்கட்டும். அதே குடும்பத்து கார்ல்-ஹான்ஸ் ஹிட்லருக்கு எதிரான சதியில் இருந்தவர். 1944 ஜூலை 24 அன்று நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடிக்க வந்தபோது இந்த மாளிகையில்தான் தன்னைச் சுட்டுக்கொண்டார். உயிர் போகவில்லை, சாக்சன்ஹாசன் வதை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு வழிகாட்டியவர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். கூட வந்த என் மகள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். 1945இல் ரஷ்யர்கள் பறித்த சொத்து எப்படித் திரும்பக் கிடைத்தது என்றுதான் புரியவில்லை.

லிண்டன்நிழல்:
பனிக்காலம், அங்கேதான் தவறு. 1945 நிலச் சீர்திருத்தத்தில் 100 ஹெக்டேருக்கு மேலிருந்த பண்ணைகளையெல்லாம் இழப்பீடு இல்லாமல் எடுத்தார்கள், அவை பொதுவாகத் திரும்பவில்லை. இந்தக் குடும்பத்திடம் நாஜிகள் முன்னதாகவே பறித்துவிட்டதால்தான் 1996இல் திரும்பியது. அடுத்த ஆண்டே சேமிப்பு வங்கிகளின் சங்கம் வாங்கிக்கொண்டது.

ஊர்ப் பெயரையும் யாரும் சொல்லவில்லை. 1949இலிருந்து 1990 வரை மார்க்ஸ்வால்டே. பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா, "என் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் அனுபவம் அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். பூங்காவில் 1792இல் எழுப்பிய பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிஷ் நினைவுச்சின்னம் இருக்கிறது, ரோமானியக் கடவுளர் மார்ஸும் மினர்வாவும் துக்கத்தில் நிற்பார்கள். வைத்தவர் பிரிட்விட்ஸ். 1759இல் குனர்ஸ்டோர்ஃப் போரில் மன்னரைக் காப்பாற்றியதற்குப் பரிசாக இந்த ஊரைப் பெற்றவர். அப்போது இதற்குக் குவிலிட்ஸ் என்று பெயர். ஹார்டன்பெர்க் கைக்கு வந்தது 1814இல்தான். முதலில் பூங்காவைச் சுற்றிவிட்டுக் கடைசியாகத் தேவாலயத்துக்குப் போங்கள். பூட்டியிருக்கக்கூடும், முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஓடர்வழி:
நான் பூங்காவுக்குள் போகவே இல்லை. மே மாதம் மறுபடி கிளம்புகிறேன்.