துண்டு தோளில்தான் இருக்கிறது, குளிக்கத்தான் போக முடியவில்லை: ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) உள்ளவர்களின் அனுபவங்கள்

கும்பகோணம்:
போன ஆவணியில் மண்டபத்தில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பெரியம்மா எனக்குப் பூ வைத்துவிட வந்தார். பின்னலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார், ஒரு கையில் ஹேர்பின், ஒரு கையில் மல்லிகைச் சரம். அப்புறம் பூவை என் மடியில் வைத்து, "நீயே வச்சுக்கம்மா" என்று போய்விட்டார். தலைக்குக் குளித்து 11 நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவேன், சிக்கெடுக்கணும், மோட்டார் போடணும், ஷாம்பு, முடி காயணும், இதில் எதை முதலில் என்று யோசித்து எழுந்திருப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

மன்னார்குடி:
பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எனக்கு 34 வயதில்தான் ஏடிஹெச்டி என்று கண்டுபிடித்தார்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று பார்ப்பார்கள் இல்லையா, டாக்டர் அதை என் அம்மாவிடம் கேட்டார். "பல்லு வெளக்கச் சொன்னா பிரஷ்ஷ கையில வச்சுக்கிட்டு கொல்லையில எறும்பு பாத்துக்கிட்டு நிப்பான், அடிச்சிருக்கேன் சார்" என்றவர் அங்கேயே அழுதுவிட்டார். சரி, உங்களுக்கு வருகிறேன். சிக்கெடுப்பதை முதல் நாள் ராத்திரி டிவி முன்னால் முடித்துவிடுங்கள், அதைக் குளியலோடு சேர்க்காதீர்கள். தலைக்கு ஊற்ற முடியாத நாளில் கழுத்துக்குக் கீழே போதும், அதுவும் முடியாவிட்டால் ஈரத்துணியால் அக்குள், தொடையிடுக்கு துடைத்தாலே பெரிய விஷயம். அடுப்படியில் ஒரு பிரஷ் வையுங்கள், காபிக்குப் பால் காயும்போதே துலக்கிவிடலாம். போனில் மூன்று அலாரம் வையுங்கள்.

கும்பகோணம்:
நான் யோசனை கேட்கவில்லைங்க. அந்தப் பூவைப் பற்றித்தான் எழுதினேன். பெரியம்மாவிடம் சொன்னால் "குளிக்கிறதுக்குக் கூடவா வியாதி" என்பார், அதை அவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மயிலாடுதுறை:
அலாரத்தை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று நாள் கேட்கும், நாலாம் நாள் அதை அணைத்ததுகூட ஞாபகம் இருக்காது. எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் சின்ன வயதில் குளிப்பது கஷ்டமாகவே இருந்ததில்லை, படித்துறையில் எல்லோரும் இறங்குவார்கள், நானும் இறங்கிவிடுவேன். ஏழாவது படிக்கும்போது ஐப்பசி கடைசி நாள், காவிரியில் புனித நீராடும் கடைமுழுக்கு அன்று நான் கிளம்பவே இல்லை, வீடே துலாக்கட்டம் படித்துறைக்குப் போய் வந்துவிட்டது. அப்பா என்னோடு பேசவில்லை. மறுநாள் கார்த்திகை 1, முடவன் முழுக்கு, நடக்க முடியாத ஒருவர் கடைமுழுக்குக்கு ஒரு நாள் பிந்தி வந்தும் அதே பலன் பெற்றார் என்று கதை சொல்லும் நாள். பாட்டி என்னை மட்டும் கூட்டிப்போய், பாசி வழுக்குகிற படியில் தானும் உட்கார்ந்து முதுகு தேய்த்துவிட்டார். "நடக்க முடியாம பிந்தி வந்தானே, அவனுக்கும் இதே தண்ணிதான்டா" என்றார். இப்போது தங்கை பாத்ரூம் வாசலில் மணையைப் போட்டுக் கீரை ஆய்கிறாள். அவள் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தால் 10 நிமிஷத்தில் குளித்துவிட்டு வந்துவிடுகிறேன். தையில் அவளுக்குக் கல்யாணம்.